நெட் வரல: நல்லூர் பனியன் கம்பெனிகளில் ஒரு பழுதின் வரலாறு

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கும் நல்லூர், 2011-ல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. ஈஸ்வரன் கோவிலைச் சுற்றிய பழைய ஊர் ஒருபுறம். கீழே தையலுக்கான பவர் டேபிள், மேலே ஆபீஸ், அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட பேக்கிங் என்று வளர்ந்த பனியன் கம்பெனிகள் மறுபுறம். இந்தக் கம்பெனிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் ஜெர்மனியிலோ நியூயார்க்கிலோ இருப்பார். ஐரோப்பாவில் காலை 9 மணி அடிக்கும்போது நல்லூரில் பகல் 1.30, அங்கே கோடையானால் 12.30. நியூயார்க் அலுவலகம் திறக்கும்போது இங்கே இரவு 7.30 அல்லது மாலை 6.30. மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் மெயில் கொட்டத் தொடங்கும். "நெட் வரல" என்ற குரலும் அந்த நேரத்தில்தான் அதிகம் எழும்.

இரண்டு சொல்தான் என்றாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் பழுதுகள் பல. லேப்டாப்பின் வைஃபை அணைந்திருக்கலாம், பாஸ்வேர்டு மாறியிருக்கலாம், ரூட்டர் எண் கொடுக்க மறந்திருக்கலாம், தெருமுனையில் வயர் அறுந்திருக்கலாம், நெட்டுக்குக் காசு கட்டாமல் விட்டிருக்கலாம். இவை எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. வெளியூரோடு பேசும் வழி மாறியபோதெல்லாம் புதிதாக ஒரு பழுது வந்து பழையவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது.

திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி 1925-ல் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். வெளிநாட்டு வாசல் திறந்தது 1970-களின் கடைசியில், மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக இத்தாலியர்கள் வந்தபோது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990-ல் அமைந்தது. அந்தக் காலத்துச் செய்தித் தொடர்பு டிரங்க் கால், தந்தி, டெலக்ஸ், பிறகு எஸ்டிடி, ஃபேக்ஸ். பழுது பார்ப்பதும் எளிது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் இருக்கும், அல்லது இருக்காது. இல்லையென்றால் லைன்மேன் வருவார். சோதனை ரிசீவரைக் கம்பத்துப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பார். பெட்டியில் டோன் இருந்து கம்பெனிக்குள் இல்லையென்றால் கோளாறு உள் வயரில். பெட்டியிலும் இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். பாதையை இரண்டாக வெட்டி, எந்தப் பாதியில் உயிர் இல்லை என்று பார்க்கும் இந்த வழிதான் பின்னால் வைஃபை வரைக்கும் கைகொடுத்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நான்கு பெருநகரங்களுக்குப் பிறகுதான் மற்ற ஊர்கள். போன் லைனில் மோடம் வைத்து எண் சுழற்றிப் போக வேண்டும். தொடக்க வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள டிசைன் படம் வந்து சேர, இடையில் அறுபடாமல் இருந்தால், ஏறக்குறைய 15 நிமிடம். இடையில் யாராவது பக்கத்து அறையில் போனை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சொந்த இணைப்பு இல்லாத சிறு கம்பெனிகளுக்குப் பிரவுசிங் சென்டர்தான் துணை. பையரின் மெயிலை அங்கே பிரிண்ட் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வருவது அன்றைய நடைமுறை.

டயல்-அப் மோடத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தன் நோயைத் தானே சத்தம் போட்டுச் சொல்லும். டோன், எண் சுழலும் ஒலி, எதிர்முனையின் கீச்சு, இரண்டும் கலந்த இரைச்சல், பிறகு அமைதி என்று ஒரு வரிசை. காதுப் பழக்கம் உள்ளவர் எந்த இடத்தில் நின்றது என்பதை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார். கணினியும் எண் போட்டுக் காட்டும்: 680 என்றால் டயல் டோன் இல்லை, 676 என்றால் எதிர்முனை பிஸி, 678 என்றால் பதிலே இல்லை, 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. இதில் கடைசி இரண்டு எண்களுக்கும் ஆயுள் கெட்டி. டயல்-அப் போய் பிராட்பேண்ட் வந்தபிறகும் அவை திரையில் வந்தன. மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே பேச்சு இல்லையென்றால் 678. பில் கட்டாமல் கணக்கு நின்றிருந்தால் 691 வரும். பாஸ்வேர்டு சரிதானே என்று நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பில் ஞாபகத்துக்கு வரும்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டா ஒன்' பிராட்பேண்டைத் தொடங்கியது. பெருநகரங்களில் ஆரம்பித்து மற்ற ஊர்களுக்குப் பரவிய இச்சேவையின் அடிப்படை வேகம் 256 கிலோபிட். பழைய 15 நிமிடப் படம் அரை நிமிடத்தில் வந்தது. பழைய செம்புக் கம்பிதான், ஆனால் ஒரே கம்பியில் இரண்டு வேலை. 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு, அதற்கு மேலே மெகாஹெர்ட்ஸ் வரை இணையம். இரண்டையும் பிரிக்கச் சிறு டப்பா ஒன்று கொடுத்தார்கள். அதன் பெயர் ஸ்பிளிட்டர். முதலாளி அறை, ஆபீஸ், பேக்கிங் என்று ஒரே லைனில் மூன்று போன் இழுத்திருந்த கம்பெனிகளில், இந்த டப்பா ஒரு போனுக்கு மட்டும் மாட்டப்பட்டிருக்கும். மற்ற இரண்டில் எதில் மணி அடித்தாலும் நெட் அறுபடும். "போன் வந்தா நெட் போகுது" என்ற புகாரைக் கேட்டதுமே அனுபவமுள்ளவர் மோடத்தைத் தொடமாட்டார். போன் வயர் எங்கெல்லாம் கிளை பிரிகிறது என்று சுவரோரமாகவே நடந்து பார்ப்பார்.

மழைக்காலம் இன்னொரு பரீட்சை. தரைக்கடியில் இருக்கும் ஜாயிண்டில் தண்ணீர் புகுந்தால் பேச்சு லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான். அதே ஈரத்தில் இணையம் விழுந்துவிடும், ஏனென்றால் உயர் அதிர்வெண்ணில் போகும் சிக்னல் இரைச்சலுக்கு எளிதில் தோற்கும். போன் நன்றாக இருக்கிறதே, நெட் மட்டும் ஏன் இல்லை என்ற கம்பெனிக்காரரின் கோபத்துக்கு இதுதான் விடை. அதைப் போனில் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருந்ததில்லை. இடி இறங்கினால் மோடம் எரியும். குழாய் பதிக்கத் தோண்டும் பொக்லைன் கேபிளைக் கிழித்தால் தெருவே இருளும்.

மோடத்தின் முகத்தில் இருந்த சிறு விளக்குகள்தான் அன்றைய நாடி. பவர், டிஎஸ்எல், இன்டர்நெட், லேன் என நான்கு. டிஎஸ்எல் விளக்கு நின்று எரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வரை லைன் சரி. மினுக்கினால் இன்னும் கைகுலுக்கல் முடியவில்லை. புகார் எண்ணுக்குப் போன் போட்டால் எதிர்முனையின் முதல் கேள்வி, "ஏனுங்க, பச்ச லைட்டு மினுக்குதுங்களா, நின்னு எரியுதுங்களா?" என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் பாதிப் பழுதைத் தானே கண்டுபிடித்தவர்.

பின்னலாடை ஊருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. வட்ட நிட்டிங் மெஷினில் ஓடும் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் குற்றம் ஊசியில்; அகலவாக்கில் பட்டை விழுந்தால் நூலிலோ நூல் வரும் இழுவையிலோ. துணியைப் பார்த்தே மெஷினின் எந்த உறுப்பைத் திறக்க வேண்டும் என்று நிட்டர் முடிவு செய்வார். நெட்டிலும் அப்படித்தான். ஒரு லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் அது ஊசிக் கோடு. ஆபீஸ் முழுக்க வரவில்லை என்றால் நூல் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

வயரில்லா இணைப்பின் தரவிதி 1997-ல் வந்தது. அதை மக்கள் கையாளும் அளவுக்குக் கொண்டுவந்த 802.11பி 1999-ல். வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் சூட்டப்பட்டது. 2003-ல் இன்டெல் தன் சென்ட்ரினோ லேப்டாப்புகளில் வைஃபையை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. 2005 ஜனவரியில், டேட்டா ஒன் தொடங்கிய அதே மாதம், குறைந்த திறனுள்ள கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. பிஎஸ்என்எல் கொடுத்த மோடங்களிலும் வயர் மட்டும் உள்ள வகை, வைஃபை உள்ள வகை என இரண்டு வந்தன. யூடிஸ்டார்காம், ஹுவாவே பெயர்கள் நல்லூர் ஆபீஸ் மேஜைகளுக்கு வந்தது இப்படித்தான்.

பனியன் கம்பெனிக்கு வைஃபை பிடித்துப் போனதற்குக் காரணம் நாகரிகம் மட்டும் இல்லை. கட்டிங் மேஜையும் டிராலியும் ஓடும் தரையில் வயர் இழுத்தால் ஒரு வாரம் தாங்காது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செக்கிங் மேஜைக்கே போய், பையரின் அளவு அட்டவணையைத் திறந்து வைத்துப் பீஸை அளக்க முடிந்தது. ஆனால் லேப்டாப் நகரத் தொடங்கியதுமே, எந்த இடத்தில் நின்றால் எடுக்கும், எந்த இடத்தில் எடுக்காது என்ற புதுக் கணக்கு வந்தது.

அக்கால லேப்டாப்புகள் பலவற்றில் முன் ஓரத்திலோ பக்கவாட்டிலோ சின்னத் தள்ளு சுவிட்ச் ஒன்று இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையில் ஒரு எஃப் பட்டன். பையில் போட்டு எடுக்கும்போது அந்தச் சுவிட்ச் தானாக நகர்ந்துவிடும். நீல விளக்கு ஆரஞ்சாகும், அல்லது அணையும். திரையில் ஒரு வைஃபையும் தெரியாது. சர்வீஸ் பையனை வரவழைக்க, அவர் வந்த பைக்கின் சூடு ஆறுவதற்குள் ஒரு விரலால் சுவிட்சைத் தள்ளிவிட்டுப் போன கதை இல்லாத கம்பெனி குறைவு. வந்து போன கூலியை வாங்க அவர் கூச்சப்பட்டதும் உண்டு, படாததும் உண்டு. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு இதே பழுது 'ஏரோப்ளேன் மோடு' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது.

இடம் சார்ந்த பழுதுகளில் பனியன் கம்பெனிக்கே உரியவை சில. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இரும்பு அதைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். பருத்தி பார்க்க உலர்ந்திருந்தாலும் தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரம் வைத்துக்கொள்வது அதன் இயல்பு. வியாபாரத்தில் எடை கணக்கிட எடுத்துக்கொள்ளும் அளவும் அதுவே. துணி ரோல்கள் உத்தரம் தொட அடுக்கப்பட்ட குடோனுக்கு அப்பால் சிக்னல் மெலிவதில் ஆச்சரியம் இல்லை. ஷிப்மெண்ட் நெருங்க நெருங்க அட்டைப் பெட்டிகள் ரூட்டருக்கும் பேக்கிங் மேஜைக்கும் நடுவே சுவர் எழுப்பும். கண்டெய்னர் கிளம்பியதும் சிக்னல் தானாகத் திரும்பும். வந்த பழுதும் போன பழுதும் விளங்காமல், "ஷிப்மெண்ட் டைம்லதான் இது மக்கர் பண்ணும்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். கெட்ட நேரம் என்று அவர்கள் நினைத்ததன் உண்மைக் காரணம் பெட்டிகள்.

ரூட்டரைத் திருட்டுப் போகாமல் இரும்புப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய இடங்களும் இருந்தன. பீரோவின் மேல் வைத்தாலே பாதி வேகம் போகும். உள்ளே வைத்தால் மிச்சமும் போகும். ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு சேர்த்து ரூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். பொட்டு வைப்பதால் ஒன்றும் ஆகாது. விபூதியைக் காற்றுத் துளைகளில் தூவினால்தான் சூடேறும். பஞ்சுத் தூசி வருடம் முழுக்க அந்தத் துளைகளைத் தேடிப் போய் அடைப்பது, பூஜையைவிடப் பெரிய சேதம்.

பக்கத்துக் கம்பெனியும் வைஃபை வாங்கியபோது அடுத்த பிரச்சினை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள். ஆனால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரூட்டர் அடைத்துக்கொள்ளும் அகலமோ ஏறக்குறைய 20. ஒன்றோடொன்று மோதாமல் பேச 1, 6, 11 ஆகிய மூன்றுதான் மிஞ்சும். கடையிலிருந்து வந்தபடியே மாட்டிய ரூட்டர்கள் பலவும் ஒரே சேனலில் கத்திக்கொண்டிருக்கும். சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தும் மெயில் நகராமல் நிற்பதற்கு இது முக்கியக் காரணம். கோடுகள் சொல்வது ரூட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே. கூட்டத்தில் அது என்ன சொன்னது என்று கேட்டதா என்பது வேறு. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் வேலை செய்கிறது. ஆபீஸில் யாராவது மதியச் சாப்பாட்டைச் சூடாக்கும் அந்த இரண்டு நிமிடம் வைஃபை திணறுவது கற்பனை இல்லை.

வைஃபை பாஸ்வேர்டு தொடர்பான பழுதுகளுக்கு ஒரு தொடக்கத் தேதியே உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது தெரியவந்தது. வைஃபையைப் பாதுகாக்கச் சொல்லி 2009-ல் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதுவரை திறந்து கிடந்த ரூட்டர்களுக்குப் பூட்டு போட்டார்கள். சாவியின் வகைகளில் வந்தது குழப்பம். வெப் என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டது. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 பலமானது. ஆனால் சர்வீஸ் பேக் 2 வரை மட்டும் போட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி, தனி ஒட்டுவேலை இல்லாமல் டபிள்யூபிஏ2 பேசாது. ரூட்டரில் பலமான பூட்டைப் போட்டதும் பழைய லேப்டாப் வெளியே நின்றுவிடும். பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும் ஏறவில்லை என்று புகார் வரும். பழையதற்காகப் பூட்டைத் தளர்த்துவதா, லேப்டாப்பைச் சீர்செய்வதா என்ற கேள்விக்கு நிறைய இடங்களில் எளிய வழியே வென்றது. அது சரியான வழி இல்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போனபிறகும் ஒரு வாசல் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு எண் தர வேண்டும், பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் எண். கேட்டும் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் எண்ணை வைத்துக்கொள்ளும். ரேஷன் கார்டு இல்லாதவர் தன் பெயரைத் தானே சுவரில் எழுதிக்கொள்வது மாதிரி, கடையில் செல்லாது. எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 இதை மஞ்சள் முக்கோணம் போட்டு, இணைப்பு குறைவு அல்லது இல்லை என்று அறிவித்தது. விஸ்டா முதல் விண்டோஸ் இன்னொரு சோதனையும் செய்கிறது: மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து ஒரு சிறு எழுத்துக் கோப்பைப் படிக்கப் பார்க்கும், கிடைக்காவிட்டால் முக்கோணத்தை ஏற்றும். அடுத்த மேஜைக்கு அனுப்பிய பிரிண்ட் அப்போதும் வந்துகொண்டிருக்கும்.

இங்கே பயன்படும் கருவி 'பிங்'. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பதைப் பார்த்து வைத்த பெயர். கறுப்புத் திரையில் முதலில் 192.168.1.1-ஐக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் லேப்டாப்பும் வைஃபையும் ரூட்டரும் சரி. அடுத்து 8.8.8.8, 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கிய பெயர் சேவையின் எண் அது. அதற்கும் பதில் வந்தால் வெளி லைன் சரி. கடைசியாக ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. பதிலுக்கு 8.8.8.8 என்று அமைப்பில் எழுதிவிட்டால் நெட் ஓடும். லைன்மேன் கம்பத்துப் பெட்டியில் சோதனை ரிசீவர் மாட்டிப் பார்த்த அதே வேலைதான், மூன்று வரிகளில்.

இந்த ஒழுங்கையெல்லாம் குலைத்தது கரண்ட். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது; சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. மெயின் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளி சில விநாடிகள்தான். லேப்டாப் பேட்டரியில் அசையாமல் இருக்கும். ரூட்டர் அணைந்து எழும். எழுந்து எக்ஸ்சேஞ்சோடு பேசி முடிக்க ஒன்றிரண்டு நிமிடம். பல மோடங்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்து எழும். ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் எண்ணை இன்னொருவருக்கும் கொடுக்கும். அடிக்கடி கரண்ட் போய் வந்ததில் அடாப்டரின் கெபாசிட்டர் உப்பும். விளக்கெல்லாம் எரியும், ஆனால் வேலை ஏறினதும் மோடம் மயங்கி விழும். பதினைந்து நாள் லைனைத் திட்டிவிட்டு, கடைசியில் ஒரு அடாப்டரை மாற்றித் தீர்ந்த பழுதுகள் இவை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற மந்திரம் வேரூன்றியது இந்த மின்வெட்டுக் காலத்தில். அதற்குக் காரணம் இருக்கிறது: எண் பட்டியல் புதிதாகும், நிரம்பிய நினைவகம் காலியாகும், லைன் மறுபடி இசைந்துகொள்ளும். ஆனால் எதனால் நின்றது என்ற தடயமும் அதோடு அழிந்துபோகும். விளக்குகளை ஒரு முறை பார்த்து மனதில் வைத்துக்கொண்டு அணைப்பவர் அபூர்வம். டேட்டா ஒன் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. ராத்திரி முழுக்க சினிமா இறக்கிய மோடம் காலையில் திணறிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டதும் சரியாகும். பழி மட்டும் லைனுக்கு.

மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி செத்துப்போன பழைய கணினிகள் இன்னொரு வேடிக்கை காட்டின. தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வைஃபை ஏறும், பிங் பதில் தரும், ஆனால் பேங்க் தளமும் மெயிலும் திறக்காது, ஏனென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காத தேதியில் கணினி நின்றுகொண்டிருக்கிறது. திரையின் வலது மூலையில் கடிகாரத்தைப் பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கமானது இதனால்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதுவரை கம்பெனிக்குள் மட்டும் இருந்த லேப்டாப், டெய்லர் வீட்டுக்கும் செக்கிங் பெண்ணின் வீட்டுக்கும் வந்தது. விண்டோஸோடு சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. வேகம் குறைந்தது என்று கடையில் கொடுத்து ஃபார்மட் போட்டால் பாட்டு ஓடும், படம் ஓடும், வைஃபை சின்னம் மட்டும் மறைந்திருக்கும். கருவிக்கு உரிய டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பென் டிரைவில் எல்லா மாடலின் டிரைவரும் வைத்திருந்த கடைக்காரர்கள் அந்தத் தெருவில் மரியாதைக்குரியவர்கள்.

லைன் இல்லாத இடங்களுக்கு டாங்கிள் வந்தது. யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் டவர் எடுக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு அந்த வேலையைப் போன் செய்தது; பழுது பார்ப்பதிலும் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றிப் பார்த்தால் போதும். அங்கே ஓடினால் லேப்டாப் குற்றமற்றது. ஓடாவிட்டால் ரூட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

அதற்குள் நெட் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்ட முடியாத நிலை வந்திருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில். டெம்போ இன்ஜினை ஆன் செய்து நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், ஆபீஸில் மஞ்சள் முக்கோணம். முன்பெல்லாம் நெட் போனால் பையருக்குப் பதில் தாமதமாகும். இப்போது லாரியே நின்றது. இரண்டு நிறுவனத்தின் லைன் வாங்கி வைக்கும் பழக்கம் நடுத்தரக் கம்பெனிகளுக்கும் வந்தது.

செம்புக் கம்பியின் இடத்துக்கு ஃபைபர் வந்தபோது மழையும் இரைச்சலும் பழங்கதையாயின. கண்ணாடி இழைக்குத் தண்ணீர் பொருட்டல்ல, வளைவுதான் எதிரி. கேபிள்காரர் சுவரில் ஆணி அடித்து மஞ்சள் வயரை இறுக்கமாகச் சுற்றிவிட்டுப் போனால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளியே வரவில்லை என்று பொருள். லேப்டாப்பில் எதைத் தொட்டாலும் வீண். டெக்னீஷியன் ஒளியை அளக்கும் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். மைனஸ் 20 டிபிஎம் அளவில் இருந்தால் நிம்மதி; மைனஸ் 27-ஐ நெருங்கினால் அறுபட்டு அறுபட்டு வரும். பெரும்பாலும் அவர் செய்வது ஆணியிலிருந்து வயரை அவிழ்த்துப் பெரிய வட்டமாகச் சுற்றி வைப்பதுதான்.

2020 மார்ச் ஊரடங்கில் வீடுகளுக்கும் ஃபைபர் ஏறியது. மெர்ச்சண்டைசர் வீட்டிலிருந்தே பையரோடு பேச, அடுத்த அறையில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. புது ரூட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசின: பழைய 2.4, நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவதன் பெயரின் கடைசியில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். 2022 அக்டோபரில் மொபைல் 5ஜி வந்தபிறகு இரண்டையும் ஒன்றென நினைத்தவர்கள் ஏராளம். வேகமான அந்த 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை ஒரு செங்கல் சுவரைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். முதலாளி அறையில் பறக்கும் நெட் பேக்கிங்கில் தெரியவே தெரியாது. 2011 வாக்கில் வந்த மலிவு லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். ரூட்டரில் 5-ஐ மட்டும் விட்டால் அவற்றுக்கு வைஃபை இருப்பதே தெரியாது. பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் மேஜையில் இன்னும் அப்படி ஒரு லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியில், புது ரூட்டர் மாட்ட வருபவர் 2.4-ஐ அணைக்காமல் தனிப் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்.